பேச்சை விட்டு ஆளைப் பாருங்கள்: பழைய ஏற்பாட்டுப் பேச்சுகளை உரசிப் பார்க்கும் முறை

ஒருவர் எழுந்து பேசுகிறார். எதிரே அதிகாரத்தில் உட்கார்ந்திருப்பவரின் மனசு மாறுகிறது. பழைய ஏற்பாட்டில் இப்படிப்பட்ட இடங்கள் நிறைய உண்டு. ஞாயிறு பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்கிறவர்கள் பேச்சில் உள்ள அழகான வசனத்தை மட்டும் எழுதிக்கொள்கிறார்கள். கல்லூரிப் பட்டிமன்றத்துக்குத் தயாராகிறவர்கள் உவமையை மட்டும் உருவிக்கொள்கிறார்கள். பேசிய ஆள் யார், அவர் வாய்ச்சொல்லை எதிராளி எதற்காக நம்பினார் என்ற கேள்வி அப்படியே நின்றுவிடுகிறது.

சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளி வாங்குகிறவர் கொலுசின் பளபளப்பைப் பார்த்து விலை சொல்வதில்லை. உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். இந்த வேதப் பேச்சுகளுக்கும் உரைகல் ஒன்று உண்டு. அது பேச்சுக்கு வெளியே, கதை சொல்கிறவர் முன்கூட்டியே எழுதிவைத்த அதிகாரங்களில் கிடக்கிறது. அதை எடுத்து உரசுவது எப்படி என்பதுதான் இங்கே சொல்லப்போவது.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில், கி.மு. 4ஆம் நூற்றாண்டில், ஒரு பேச்சு ஆளை இணங்க வைக்க மூன்று வழி சொன்னார்: தர்க்கம், கேட்பவரின் உணர்ச்சி, பேசுபவரின் குணம். குணத்தையும் மூன்றாகப் பிரித்தார்: விவேகம், நல்லொழுக்கம், கேட்பவர் மேல் நல்லெண்ணம். இந்த மூன்றையும் கேள்விகளாக வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அவருடைய அச்சில், பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரேயத்தில் உள்ள பேச்சைப் போட்டு வார்க்காதீர்கள். நம்பிக்கை அந்தப் பேச்சுக்குள்ளேயே பிறக்க வேண்டும், பேசுகிறவரைப் பற்றி ஊர் ஏற்கெனவே நினைப்பதில் இருந்து வரக்கூடாது என்பது அவர் கட்சி. எபிரேயக் கதைசொல்லி நேர் எதிர். ஆளின் பற்றுவரவை முதலில் நமக்குக் காட்டிவிட்டு, அப்புறம்தான் அவரைப் பேச விடுகிறார்.

கையில் என்ன வேண்டும்

இரண்டு பைபிள். ஒன்று சி.எஸ்.ஐ. வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு, "கர்த்தர்" என்று வருமே, அது. இன்னொன்று கத்தோலிக்க வீடுகளில் இருக்கும் திருவிவிலியம். ஒன்று உங்களிடம் இருந்தால் மற்றது பக்கத்து வீட்டில் நிச்சயம் கிடைக்கும். நூல்களின் பெயர் மாறும்: அதில் ஆதியாகமம், இதில் தொடக்க நூல். யூதர்கள் இதே நூல்களை 24 என்று எண்ணுகிறார்கள், புரட்டஸ்டண்ட் பைபிள் 39 என்கிறது. உள்ளடக்கம் ஒன்றுதான், பிரித்த விதமும் அடுக்கிய வரிசையும் வேறு.

அப்புறம் கோடு போடாத 40 பக்க நோட்டு, மூன்று நிறப் பென்சில், தடையில்லாத இரண்டு மணி நேரம். எபிரேயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கீழே வரும் சில சொல் போதும்.

நோட்டில் பக்கத்தை ஐந்து பத்தியாகப் பிரியுங்கள்: வசன எண், விளிக்கும் சொல், திரும்பத் திரும்ப வரும் சொல், இதே விஷயம் முன்னால் வந்த இடம், வித்தியாசம். ஐந்தாவது பத்தியை மற்றவற்றைப் போல் இரண்டு மடங்கு அகலமாக விடுங்கள். வேலை முழுக்க அங்கேதான் நடக்கும்.

எந்தப் பேச்சை எடுப்பது

சங்கீதமும் சட்டப்பகுதியும் இதற்குத் தோதுப்படாது. பேசுகிறவர் கீழே, கேட்கிறவர் மேலே, முடிவில் ஏதோ ஒன்று நடந்தே தீர வேண்டும் என்கிற இடமாகப் பாருங்கள். யோசேப்பு முன் யூதா, ஆதியாகமம் 44:18-34. தாவீது முன் அபிகாயில், 1 சாமுவேல் 25:24-31. ராஜாவான தாவீதின் குற்றத்தைச் சுட்டும் தீர்க்கதரிசி நாத்தான், 2 சாமுவேல் 12. தாவீதுக்கு எதிராகக் கலகம் செய்யும் மகன் அப்சலோம் முன் இரண்டு ஆலோசகர் மோதும் 2 சாமுவேல் 17. எசேக்கியா ராஜாவின் எருசலேம் மதிலுக்கு வெளியே அசீரிய ராஜாவின் தூதன் ரப்சாக்கே, 2 இராஜாக்கள் 18. இரண்டு தீர்க்கதரிசிகள் நேருக்கு நேர் நிற்கும் எரேமியா 28.

முதல் தடவை செய்கிறவர்கள் யூதாவை எடுங்கள். கதை இதுதான்: அண்ணன்மார் விற்ற யோசேப்பு எகிப்தில் பெரிய அதிகாரி ஆகிவிட்டான்; தானியம் வாங்க வந்த அவர்களுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை; கடைசித் தம்பி பென்யமீனின் சாக்கில் அவனுடைய வெள்ளிப் பாத்திரம் அகப்பட, அவனை அடிமையாக வைத்துக்கொள்வேன் என்கிறான்; அப்போது அண்ணன் யூதா பேசுகிறான். 17 வசனம்தான். சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் மூன்று முறை வாசித்துவிடலாம். வளைவில் தலை சுற்றுகிறவர்கள் மேலே போய் ஏரிக்கரையில் உட்கார்ந்து படிக்கட்டும்.

எல்லை போடுதல்

பேச்சு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். அதிகார எண்ணை நம்பாதீர்கள். இன்று நாம் பார்க்கும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் போட்டது. யூதாவின் பேச்சு 44ஆம் அதிகாரத்தோடு முடிய, அதன் பலன் 45:1இல் வருகிறது: யோசேப்பால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. அதிகாரம் முடிந்தது என்று புத்தகத்தை மூடினால் பேச்சு ஒரு பக்கம், பலன் ஒரு பக்கம் என்று அறுந்துபோகும். யூதர்களின் வாராந்தர வாசிப்புப் பகுதி இங்கே நல்ல வழிகாட்டி. "வய்யிகஷ்", அதாவது "கிட்ட வந்தான்" என்ற பெயருள்ள அந்தப் பகுதி சரியாக 44:18இல் தொடங்கி 45ஐயும் தாண்டிப் போகிறது. பேச்சுக்கு முன்னால் அவன் எடுத்துவைத்த காலடியையும் சேர்த்துக் கோடு போடுங்கள்.

ஒரே ஆள் தொடர்ந்து பேசும்போது நடுவில் "பின்னும் அவன்" என்று வந்தால் அங்கே ஒரு சின்னக் குறி இடுங்கள். எதிராளி பதில் சொல்ல வேண்டிய இடம், சொல்லவில்லை. 1 சாமுவேல் 17இல், கோலியாத்தோடு மோத ராஜா சவுலிடம் அனுமதி கேட்கும் தாவீது, சிங்கத்தையும் கரடியையும் கொன்ற கதையைச் சொல்லி முடிக்கிறான். சவுல் வாயே திறக்கவில்லை. 37ஆம் வசனத்தில் "பின்னும் தாவீது" என்று வருகிறது. அந்த இடைவெளியில் சவுலின் தயக்கம் இருக்கிறது.

விளிச்சொல்: இங்கேதான் தமிழ் வாசகர் வழுக்குகிறார்

தமிழில் ஒரு வாக்கியத்தைப் படித்தாலே யார் பெரியவர், யார் சிறியவர் என்று தெரிந்துவிடும். நீ, நீர், தாங்கள் என்று வந்தால் போதும். எபிரேயத்தில் அந்த வசதி கிடையாது. ஆணுக்கு "அத்தா", பெண்ணுக்கு "அத்". ராஜாவுக்கும் அதுதான், ஆடு மேய்ப்பவனுக்கும் அதுதான், கடவுளுக்கும் அதுதான். ஆகவே "நாத்தான் இங்கே ராஜாவை நீ என்று துணிந்து ஒருமையில் பேசுகிறார், பாருங்கள்" என்று மேடையில் முழங்காதீர்கள். "நீயே அந்த மனுஷன்" என்பதில் உள்ள "நீ" மொழிபெயர்த்தவர் தேர்ந்தது. மூலத்தில் இரண்டே சொல்: அத்தா ஹாஇஷ்.

அப்படியானால் மரியாதையை எபிரேயம் எதில் காட்டும்? "என் ஆண்டவன்" என்று எதிராளியை உயர்த்தி, "உமது அடியான்" என்று தன்னைத் தாழ்த்தி, படர்க்கையில் பேசும். அந்த "என் ஆண்டவன்" மூலத்தில் "அதோனி". முதல் நிறப் பென்சிலை இதற்கு ஒதுக்குங்கள். இந்த இரண்டு தொடரும் வரும் இடத்தையெல்லாம் அடிக்கோடிடுங்கள். அபிகாயில் தாவீதைப் பார்த்துப் பேசும் எட்டு வசனத்தில் மட்டும் மூலத்தில் "அதோனி" 14 முறை வருகிறது. நாத்தான் பக்கம் திருப்புங்கள். ஒருமுறைகூட இல்லை. கும்பிடு இல்லை, ராஜாவே என்ற அழைப்பு இல்லை. உள்ளே வந்தார், "ஒரு பட்டணத்தில் இரண்டு மனுஷர் இருந்தார்கள்" என்று தொடங்கிவிட்டார். நாத்தானின் துணிச்சல் அந்த "நீ"யில் இல்லை, இந்த இல்லாமையில் இருக்கிறது.

இன்னொரு குழப்பம். பழைய மொழிபெயர்ப்பில் மனிதத் தலைவரை "ஆண்டவனே" என்றும் இறைப்பெயரைக் "கர்த்தர்" என்றும் போடுவார்கள். திருவிவிலியத்தில் இறைப்பெயரே "ஆண்டவர்". மனிதத் தலைவர் "தலைவர்". இரண்டு பைபிளையும் வைத்துக்கொண்டு "ஆண்டவ" என்று எண்ணினால் கணக்கு மொத்தமும் கந்தல். ஒரு பேச்சுக்கு ஒரே பைபிளில் எண்ணுங்கள். மற்றதைச் சரிபார்க்க மட்டும் திறங்கள்.

திரும்ப வரும் சொல்

இரண்டாவது நிறம். ஒரு பேச்சில் எந்தப் பெயர்ச்சொல்லோ வினையோ மூன்று முறைக்கு மேல் வருகிறதோ அதைக் குறியுங்கள். யூதாவின் 17 வசனத்தில் "தகப்பன்" என்ற சொல் மூலத்தில் 14 முறை வருகிறது. "என் தகப்பன்", "எங்கள் தகப்பன்", "வயதான தகப்பன்". திருட்டுப்போன வெள்ளிப் பாத்திரம், அதாவது வழக்கே எதைப் பற்றியதோ அது, ஒரு முறைகூட வரவில்லை.

இதை முதன்முதல் கவனிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் திக்கென்று இருக்கும். ஒரு வக்கீல் கோர்ட்டில் நின்று, திருட்டுச் சொத்தைப் பற்றியே வாய் திறக்காமல் முழு வாதமும் முடித்தால் என்ன நினைப்போம்? யூதா பென்யமீன் நிரபராதி என்று சொல்லவே இல்லை. அந்தக் கட்சியை அவன் எடுக்கவில்லை. எதிரே இருக்கிற எகிப்து அதிகாரிக்கும் ஒரு தகப்பன் இருப்பார் என்ற ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு போகிறான். அந்த அதிகாரிக்கும் அதே தகப்பன்தான் என்பது அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. தமிழில் ஒரே சொல் வந்தால் மூலத்திலும் ஒரே சொல் என்று நினைத்துவிடாதீர்கள். தீர்க்கதரிசி சாமுவேலின் பிள்ளைகள் "பரிதானம்", அதாவது லஞ்சம், வாங்கினார்கள் என்று 1 சாமுவேல் 8:3 சொல்கிறது. 12:3இல் சாமுவேல், யாரிடமாவது நான் "பரிதானம்" வாங்கினேனா என்று மக்களைக் கேட்கிறார். ஒரே சொல், மகனுக்கும் அப்பாவுக்கும் என்ன அழகான முரண் என்று தோன்றும். மூலத்தில் முதலாவது "ஷோஹத்", இரண்டாவது "கோஃபெர்". சொல்லை வைத்துக் கட்டிய பாலம் விழுந்துவிட்டது. ஆனால் அங்கேயே இன்னொரு பாலம் உறுதியாக நிற்கிறது. வரப்போகும் ராஜா உங்கள் பிள்ளைகளையும் நிலத்தையும் "எடுத்துக்கொள்வான்" என்று 8:11-17இல் சாமுவேல் 4 முறை எச்சரிக்கிறார். 12:3இல் "யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்?" என்று அதே வினையைத் தன்மேல் போட்டுப் பார்க்கச் சொல்கிறார். இரண்டிடத்திலும் மூலச்சொல் "லாகஹ்". சந்தேகம் வந்தால் எபிரேயச் சொற்களுக்கு எண் கொடுத்திருக்கும் ஏதாவது பைபிள் செயலியில் வசனத்தைத் தட்டிப் பாருங்கள், அரை நிமிஷம்.

பின்னோக்கிப் படித்தல்

இது அடிப்படை வேலை. மொத்த நேரத்தில் பாதியை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் வரும் ஒவ்வொரு செய்தியும் முன்னால் எங்கே வந்தது, அப்போது யார் என்ன சொன்னார்கள் என்று தேடிப்போய் நான்காவது பத்தியில் வசன எண்ணை எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் ஐந்தாவது பத்தி.

யூதாவையே எடுப்போம். ஆளின் பழைய கணக்கு முதலில். 37:26-27: தம்பியைக் கொன்று என்ன லாபம், விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் இவன்தான். 37:32: இரத்தத்தில் தோய்த்த அங்கியை அப்பாவுக்கு அனுப்பி, உங்கள் மகனுடையதா பாருங்கள் என்றார்கள், மூலத்தில் "ஹக்கெர் நா". 38:25இல், அவன் ஆளறியாமல் கூடியதால் கர்ப்பமாகி நிற்கும் மருமகள் தாமார் அவனுடைய முத்திரை மோதிரத்தையும் கோலையும் நீட்டி அதே "ஹக்கெர் நா"வை அவன் முகத்துக்கு நேராகத் திருப்புகிறாள். அடுத்த வசனத்தில் அவன், என்னைவிட அவள் நீதியுள்ளவள் என்று ஒத்துக்கொள்கிறான். யூதாவின் கணக்கில் விழுந்த முதல் வரவு அது. அந்த மோதிரமும் கோலும் அவன் அவளிடம் அடகாகக் கொடுத்தவை. 43:9இல் பென்யமீனுக்காக அப்பாவிடம் பிணை நிற்கிறான். அடகும் பிணையும் மூலத்தில் ஒரே வேர். பொருளை அடகு வைத்து மானம் போனவன், இப்போது தன்னையே அடகு வைக்கிறான். 44:32இல் பேச்சுக்குள் அந்தப் பிணை மறுபடி வருகிறது.

இவ்வளவும் கையில் இருக்கும்போதுதான் 44:33இல் "இளையவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன்" என்ற வரிக்கு எடை வருகிறது. தம்பியை அடிமையாக விற்றவன் தம்பிக்காக அடிமையாக நிற்கிறான். 44ஆம் அதிகாரத்தை மட்டும் படித்துவிட்டு மேடை ஏறினால் அது வெறும் உருக்கமான வசனம்.

அடுத்தது பேச்சுக்குள் உள்ள மேற்கோள்கள். 44:19இல், நீங்கள்தானே எங்களைக் கேட்டீர்கள், தகப்பன் உண்டா, சகோதரன் உண்டா என்று, என்கிறான் யூதா. 42ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். அங்கே அந்த அதிகாரி அப்படிக் கேட்கவில்லை. நீங்கள் வேவுகாரர் என்று குற்றம் சாட்டினான், பயத்தில் இவர்களே குடும்பக் கதையைக் கொட்டினார்கள். "அந்த மனுஷன் கேட்டான்" என்பது 43:7இல் இவர்கள் அப்பாவிடம் சொன்ன சமாளிப்பு. யூதா இப்போது அந்தக் கதையையே எடுத்துவைக்கிறான், வேவுகாரர் என்ற பழியைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டு. அந்தப் பழியை நினைவுபடுத்தினால் எதிராளிக்கு முகம் கறுக்கும். பொய்யா, நாசூக்கா? தீர்ப்பு உங்களுடையது, ஆனால் வித்தியாசத்தைப் பத்தியில் எழுதாமல் விடாதீர்கள்.

இன்னும் ஒரு வரி, 44:27. "என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள்" என்று அப்பா சொன்னதாக யூதா சொல்கிறான். அந்த மனைவி ராகேல். யூதா லேயாளின் மகன். அப்பாவுக்கு நான்கு பெண்கள் வழியாகப் பன்னிரண்டு மகன்கள். அதில் ஒருத்தி மட்டும் "என் மனைவி", அவள் பெற்ற இரண்டு மட்டும் பிள்ளைகள். தன் அம்மாவையும் தன்னையும் கணக்கிலேயே சேர்க்காத அந்த வாக்கியத்தை, கசப்பு இல்லாமல், அந்நியன் ஒருவனுக்கு முன் இவன் வாயாலேயே சொல்கிறான். இந்தப் பாரபட்சம்தான் 37ஆம் அதிகாரத்தில் யோசேப்பைக் குழியில் தள்ளியது. அதை விழுங்கி ஜீரணித்த ஆள்தான் இப்போது பேசுகிறான். இந்தப் பேச்சில் ஒரே ஒரு வசனத்தை விளக்க நேரம் இருந்தால் இதை விளக்குங்கள்; 33ஐ எல்லாரும் விளக்கிவிட்டார்கள்.

அபிகாயிலுக்கு இதே வேலை சுருக்கமாக. அவள் புருஷன் நாபால் தாவீதை அவமதித்துவிட்டான், பழிவாங்க தாவீது வருகிறான். பேச்சுக்கு முன் பொருள் போகிறது: 200 அப்பம், 2 துருத்தி திராட்சரசம், சமைத்த ஆடு 5, வறுத்தது 5 படி, உலர்ந்த திராட்சைக்குலை 100, அத்திப்பழ அடை 200. அந்தப் "படி" மூலத்தில் சேயா. ஒரு சேயா ஏழு லிட்டருக்குப் பக்கம், ஆக நம் வீட்டுப் படியை நினைத்துக்கொள்ளாதீர்கள். கழுதைகள் முன்னால், அவள் பின்னால். தாவீதோடு 400 பேர் வாளோடு வருகிறார்கள். பழி என்மேல் இருக்கட்டும் என்று ஆரம்பித்து, புருஷன் நாபாலின் பெயரையே (எபிரேயத்தில் "முட்டாள்") அவன் முட்டாள்தனத்துக்குச் சாட்சியாக்கி, 25:29இல் உம் எதிரிகளின் உயிரைக் கர்த்தர் கவணில் வைத்து எறிவார் என்கிறாள். கவண்! கோலியாத்தைச் சாய்த்தவனிடம் பேசுகிறோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவையறிதல் என்று குறள் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறதே, அதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஜெயித்தவர் நல்லவர் என்று முடிவு கட்டாதீர்கள்

மூன்றாவது நிறம், சிவப்பாக இருக்கட்டும். பேச்சு பலித்ததா என்பதையும் பேசியவர் உண்மையாளரா என்பதையும் தனித்தனியாகக் குறிக்க இது. இரண்டையும் ஒன்றாக்குவதுதான் பெரும்பாலான பிரசங்கங்களில் நடக்கும் தவறு.

2 சாமுவேல் 17ஐப் பாருங்கள். அகித்தோப்பேலின் ஆலோசனை மூன்று வசனம்: 12,000 பேர், இன்று இரவே, களைத்திருக்கும் தாவீதை மட்டும் வெட்டுவது. ராணுவக் கணக்கில் சரியான யோசனை. அவர் சொல்வது கடவுளிடம் கேட்டது போலவே மதிக்கப்பட்டது என்று 16:23 சொல்கிறது. ஆனால் வினைகளை எண்ணுங்கள்: நான் தேர்ந்தெடுப்பேன், நான் துரத்துவேன், நான் வெட்டுவேன், நான் திருப்பிக்கொண்டு வருவேன். அப்சலோமுக்கு வேலையே இல்லை. ஊசாய் ஏழு வசனம் எடுத்துக்கொள்கிறான். குட்டிகளைப் பறிகொடுத்த கரடி, கடற்கரை மணல், தரையில் இறங்கும் பனி, பட்டணத்தையே கயிறு கட்டி ஆற்றில் இழுத்துப்போடுவது. நடுவில் முக்கியமான ஊசி: நீரே யுத்தத்துக்குப் போகவேண்டும். அப்சலோமுக்கு அது போதும்.

ஊசாயோ தாவீது அனுப்பிய ஆள் (15:34). உள்ளே நுழையும்போதே "ராஜா வாழ்க" என்றானே, எந்த ராஜா என்று சொல்லவில்லை (16:16). வென்ற பேச்சு ஒற்றனுடையது. தோற்ற பேச்சு நல்ல ஆலோசனை என்று கதைசொல்லியே 17:14இல் எழுதுகிறார். மாணவர் பட்டிமன்றத்துக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் இந்த அதிகாரத்தை எடுக்கலாம். அணிக்கு மூன்று பேர் வைத்தாலும் சரக்கு தீராது.

ரப்சாக்கேயும் இப்படித்தான். கி.மு. 701, அசீரியப் படை வாசலில். "நீ நம்பியிருக்கிற இந்த நம்பிக்கை என்ன?" என்று ஆரம்பிக்கிறான். நம்புதல் என்ற வேர்ச்சொல் அவன் பேச்சில் 8 முறை. எசேக்கியாவின் ஆட்கள் சீரிய பாஷையில் பேசும்படி கெஞ்ச, அவன் வேண்டுமென்றே மதில்மேல் இருக்கும் ஜனங்களுக்குப் புரியும் யூத பாஷையில் கத்துகிறான். 2,000 குதிரை தருகிறேன், ஏறுவதற்கு ஆள் இருக்கிறதா என்று கேலி. எசேக்கியா வழிபாட்டு மேடைகளை அகற்றினான் என்கிறான்; அது உண்மைதான், 18:4இல் இருக்கிறது. ஆனால் கர்த்தருக்காகச் செய்ததை கர்த்தருக்கு விரோதமாகச் செய்ததுபோல் திருப்பிவிடுகிறான்.

இவன் நம்பகத்தை எங்கே உரசுவது? பேச்சு தொடங்குவதற்கு ஐந்து வசனம் முன்னால். 18:14இல் அசீரிய ராஜா 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கேட்டான்; எசேக்கியா ஆலயக் கதவுத் தகட்டைக்கூட உரித்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு படையையும் அனுப்பினார்கள். அவன் எட்டு முறை சொன்ன அந்த "நம்பிக்கை" என்ற சொல்லைக் கதைசொல்லி 18:5இலேயே எசேக்கியாவைப் பற்றிச் சொல்லிவைத்துவிட்டார். பேச்சு படிக்கப் பிரமாதமாக இருக்கும். இந்த இரண்டு வசனத்தையும் பார்த்த பிறகு அதன் பித்தளை தெரியும்.

இரண்டு பேரும் ஒரே முத்திரை குத்தினால்

எரேமியா 28 கடினமானது, கடைசியில் எடுங்கள். அனனியா "கர்த்தர் சொல்லுகிறது என்னவென்றால்" என்றுதான் பேசுகிறான், எரேமியாவும் அப்படித்தான். வார்த்தையை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. எபிரேய மூலம் இரண்டு பேரையும் "தீர்க்கதரிசி" என்றே அழைக்கிறது, நம் தமிழும் அப்படியே. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது பொறுக்கவில்லை, அனனியாவைப் "பொய்த் தீர்க்கதரிசி" என்று எழுதி வாசகருக்கு வேலையை மிச்சப்படுத்திவிட்டார்கள். அந்த உதவி இல்லாமல் படிப்பதே நல்லது.

இங்கே குறிக்க வேண்டியது எரேமியாவின் நடத்தை. பாபிலோனின் பிடி இரண்டு வருஷத்தில் விட்டுப்போகும், எல்லாம் சரியாகும் என்கிறான் அனனியா. எரேமியா "ஆமென், அப்படியே ஆகட்டும்" என்கிறார், எதிராளியின் நல்ல செய்தி பலிக்கட்டும் என்று. சமாதானம் சொல்கிற தீர்க்கதரிசியை, சொன்னது நடந்த பிறகுதான் நம்ப முடியும் என்று ஓர் அளவுகோல் வைக்கிறார். பாபிலோனுக்கு அடங்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை அனனியா உடைக்கிறான். எரேமியா பதில் பேசவில்லை. தன் வழியே போனார் என்று 28:11 முடிகிறது. தனக்கு வார்த்தை வராதபோது பேசாமல் போகத் தெரிந்தவர். பிறகு செய்தி வந்ததும் திரும்பி வந்து, இந்த வருஷமே நீ சாவாய் என்கிறார். காரியம் நடந்தது ஐந்தாம் மாதத்தில். ஏழாம் மாதத்தில் அனனியா இறந்துபோகிறான். சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாதது என்ற உபாகமம் 18:22ஐப் பக்கத்தில் எழுதிவைத்துப் படியுங்கள்.

12 நிமிஷத்தில் சொல்வதானால்

நோட்டில் இருப்பதையெல்லாம் மேடையில் கொட்டாதீர்கள். யூதாவின் பேச்சுக்கு ஒரு கணக்கு: முதல் 3 நிமிஷம் 37, 38ஆம் அதிகாரங்கள், அதிலும் "ஹக்கெர் நா" இரண்டு முறை வருவது மட்டும். அடுத்த 2 நிமிஷம் பேச்சை உரக்க வாசியுங்கள். வேகமாக ஓடாமல் ஒவ்வொரு "தகப்பன்" வரும்போதும் குரலை லேசாக நிறுத்தி. 4 நிமிஷம் 44:19க்கும் 44:27க்கும். 2 நிமிஷம் 44:33. கடைசி நிமிஷம் 45:1ஐ வாசித்து உட்கார்ந்துவிடுங்கள், வியாக்கியானம் வேண்டாம். கல்லூரி மேடையில் பைபிள் தெரியாதவர்கள் பாதிப்பேர் இருப்பார்கள். அங்கே யோசேப்பு யார் என்று சொல்ல 2 நிமிஷம் கூடுதலாக ஒதுக்கி, 44:19ஐ விட்டுவிடலாம்.

பேசும்போது மூலச்சொல் எண்ணிக்கையை ஒன்றுக்கு மேல் சொல்லாதீர்கள். 14 என்பது ஒருமுறை காதில் விழுந்தால் ஆச்சரியம். மூன்றாவது எண் வரும்போது கூட்டம் கைக்கடிகாரத்தைப் பார்க்கும். "யூதர்கள் இப்படித்தான்" என்று ஒரு வார்த்தைகூட வேண்டாம். இது அவர்கள் வாராவாரம் வாசிக்கிற வேதம். அதில் யூதா அவர்கள் பெயருக்கே மூலமான ஆள்.

கேள்வி நேரத்தில் கட்டாயம் ஒரு கேள்வி வரும்: அது யோசேப்புதான் என்று யூதாவுக்குத் தெரிந்துதானே பேசினான்? 45:3ஐத் திறந்து காட்டுங்கள். நான் யோசேப்பு என்று அவன் சொன்னபோது சகோதரர்கள் கலங்கிப்போய் ஒரு பதிலும் சொல்ல முடியாமல் நின்றார்கள், யூதா உட்பட.